பைரனின் ‘தி கோர்ஸேர்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு எழுதிய ‘தி கோர்ஸேர்’ (கடற்கொள்ளையன்) என்னும் கதைக் கவிதையைப் பற்றி, ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களும், அதே பெயரிலுள்ள பாலே நடனத்தைப் பார்த்துவிட்டு மூலத்தைத் தேடி வருபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை அப்படியே வைத்திருக்கிறேன். கதையின் முடிவு இரண்டாம் பதிலிலேயே வந்துவிடுகிறது என்பதால், முடிவு தெரியாமல் படிக்க விரும்புபவர்கள் முதலில் கவிதையைப் படித்துவிட்டு வருவது நல்லது.

1. ‘தி கோர்ஸேர்’ நாவலா, நாடகமா, கவிதையா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

அது மூன்று காண்டங்களில் அமைந்த கதைக் கவிதை; 1,800-க்கும் மேற்பட்ட வரிகள் கொண்டது. லண்டன் பதிப்பாளர் ஜான் மரே அதை 1814 பிப்ரவரி 1 அன்று வெளியிட்டார். பைரனுக்கு அப்போதுதான் 26 வயது நிறைந்திருந்தது. முந்தைய டிசம்பரில் பத்தே நாளில் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் இதிலிருந்து ஆபரா என்னும் இசைநாடகமும் பாலேயும் பிறந்ததால்தான் இந்தக் குழப்பம். அவற்றைப் பற்றி 17-ஆம் பதிலில் சொல்கிறேன்.

2. கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கான்ராட் என்பவன் ஏஜியன் கடலின் தீவு ஒன்றில் கொள்ளையர் கூட்டத்துக்குத் தலைவன். கோரோன் துறையில் துருக்கிய ஆளுநனான சையித் பாஷா தன் கப்பல்களைத் திரட்டித் தங்களை அழிக்கப் புறப்படவிருக்கிறான் என்று ஒற்றனிடமிருந்து கடிதம் வருகிறது. பாஷா கிளம்புவதற்கு முன் தானே முந்திக்கொள்வது என்று கான்ராட் முடிவு செய்து, மலைமேலுள்ள கோபுரத்தில் வாழும் தன் காதலி மெடோராவிடம் விடைபெற்று அன்று மாலையே கப்பலேறுகிறான்.

இரண்டாம் காண்டத்தில் அவன், கொள்ளையரிடமிருந்து தப்பி வந்த தர்வேஷ் என்னும் இஸ்லாமியத் துறவியைப் போல வேடமிட்டுப் பாஷாவின் விருந்து மண்டபத்துக்குள் நுழைகிறான். துறையில் கப்பல்கள் எரியத் தொடங்கியதும் வேடத்தைக் களைந்துவிட்டுப் போரிடுகிறான். தீ அந்தப்புரத்துக்கும் பரவ, அங்கிருந்த பெண்களைக் காப்பாற்றச் சொல்லித் தன் ஆட்களை ஏவுகிறான். பாஷாவின் விருப்பத்துக்குரிய அடிமைப் பெண்ணான குல்நாரைத் தானே தூக்கிவருகிறான். அந்தத் தாமதத்தில் பாஷாவின் படை மீண்டும் திரண்டு கொள்ளையரை முறியடிக்கிறது. காயங்களோடு பிடிபட்ட கான்ராடுக்குக் கழுவேற்றும் தண்டனை விதிக்கப்படுகிறது.

குல்நார் இரவில் சிறைக்கு வந்து அவனைப் பார்க்கிறாள். அவனை விடுவிக்கப் பாஷாவிடம் அவள் செய்யும் முயற்சி பாஷாவின் ஐயத்தைத்தான் கிளப்புகிறது. கடைசியில் அவள் குறுவாளோடு வந்து, உறங்கும் பாஷாவைக் கொன்றுவிடும்படி கான்ராடிடம் சொல்ல, அவன் மறுக்க, அவளே போய்க் கொன்றுவிட்டு வருகிறாள். இருவரும் தப்பித் தீவுக்கு வந்து சேரும்போது மெடோரா இறந்துகிடக்கிறாள். மறுநாள் கான்ராடைக் காணவில்லை. கரையில் ஒரு படகின் அறுந்த சங்கிலி மட்டும் கிடைக்கிறது.

3. கடற்கொள்ளையர் என்றால் கரீபியன் கடலில்தானே நடக்க வேண்டும்?

இல்லை. கதை நடப்பது ஒட்டோமன் ஆட்சியிலிருந்த கிரேக்கத்தில். கோரோன் என்பது பெலொப்பொனீஸ் தீபகற்பத்தின் தென்மேற்கு முனையிலுள்ள துறைமுகம். இன்று கொரோனி என்று வழங்குகிறது. ஆண்டு எதுவும் குறிக்கப்படவில்லை. தீவிலிருந்து ஒரே இரவில் கோரோனுக்குப் போய்ச் சேருவது சாத்தியமா என்று அந்தக் காலத்திலேயே கேட்பார்கள் என்று பைரனுக்குத் தெரிந்திருக்கிறது. ஏஜியன் தீவுகள் எல்லாமே பெருநிலத்திலிருந்து சில மணிநேரப் பாய்மரப் பயணத்தில் இருப்பவை என்றும், தான் பலமுறை கண்ட காற்றையே வாசகரும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் அவர் குறிப்பு எழுதி வைத்தார்.

4. அப்படியானால் பைரன் அந்த இடங்களை நேரில் பார்த்தவரா?

பார்த்தவர். 1809 முதல் 1811 வரை போர்ச்சுகல், ஸ்பெயின், மால்ட்டா, அல்பேனியா, கிரேக்கம், துருக்கி என்று பயணம் செய்தார். அல்பேனியாவில் டெபெலெனா என்னும் ஊரில், அப்பகுதியை ஆண்ட அலி பாஷாவின் விருந்தினராக இருந்தார். 1810 மே 3 அன்று ஹெலஸ்பாண்ட் (இன்றைய டார்டனெல்ஸ்) நீரிணையை நீந்திக் கடந்தார். சையித்தின் மண்டபம், விளக்குகள், காவலர், காபி, புகைக்குழல் எல்லாம் கவிதையில் இத்தனை உறுதியோடு வருவதற்கு இந்தப் பயணமே அடிப்படை.

கடற்கொள்ளையரையும் அவர் ஏட்டில் படித்து மட்டும் எழுதவில்லை. ஏதென்ஸுக்குத் தெற்கே சூனியம் முனையில், பாறைக்குக் கீழேயுள்ள குகைகளில் பதுங்கியிருந்த, தென்கிரேக்கத்தின் மைனாப் பகுதிக் கொள்ளையர் அவருடைய குழுவைத் தாக்கவிருந்ததாகவும், உடனிருந்த அல்பேனியக் காவலரைக் கண்டு பின்வாங்கியதாகவும் அவர் எழுதியிருக்கிறார். கவிதையின் கொள்ளையர் அந்த ஆட்களைவிட மிகவும் மெருகேற்றப்பட்டவர்கள்தான். ஆனாலும் தீவுக் குடாவில் படகு கரைக்கு வரும் காட்சி, பாறைப் பாதையில் ஏறும் காட்சி ஆகியவற்றில் நேரில் கண்டவரின் கை தெரிகிறது.

5. முதல் நாளிலேயே 10,000 பிரதிகள் விற்றன என்கிறார்களே, அது உண்மையா?

வெளியான அன்றே 10,000 பிரதிகள் போய்விட்டன என்றும், இதற்குமுன் இப்படி நடந்ததே இல்லை என்றும் பதிப்பாளர் மரே பைரனுக்கு எழுதினார். 1812-இல் வந்த ‘சைல்ட் ஹெரால்டு’ அவரை ஒரே இரவில் புகழுக்குக் கொண்டுவந்திருந்தது. 1813-இல் ‘தி ஜியவுர்’, ‘தி பிரைடு ஆஃப் அபிடோஸ்’ என்று இரண்டு கீழைநாட்டுக் கதைகள் வந்திருந்தன. அடுத்ததற்கு வாசகர்கள் காத்திருந்தார்கள். இத்தனை விற்றும் பைரன் இதிலிருந்து பணம் எடுத்துக்கொள்ளவில்லை. பதிப்புரிமையைத் தன் உறவினர் ராபர்ட் சார்லஸ் டல்லஸுக்குக் கொடுத்துவிட்டார்.

எல்லாரும் மெய்ம்மறந்து படித்தார்கள் என்று எண்ண வேண்டாம். அந்த மார்ச் மாதம் ஜேன் ஆஸ்டின் தன் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், ‘கோர்ஸேர்’ படித்தாயிற்று, உள்பாவாடையைத் தைத்தாயிற்று, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

6. காதல் கவிதைக்குப் போய் பத்திரிகைகள் ஏன் பைரனைத் திட்டித் தீர்த்தன?

திட்டு வாங்கிக் கொடுத்தது அந்நூலின் பின்பகுதியில் சேர்க்கப்பட்ட எட்டு வரிப் பாடல் ஒன்று. பட்டத்துப் பிரதிநிதியாக ஆண்ட இளவரசர் ஜார்ஜ் தன் பழைய நண்பர்களான விக் என்னும் எதிர்க்கட்சியினரைக் கைவிட்டபோது அவருடைய மகள் சார்லட் கண்ணீர் விட்டார். தந்தையின் இழிவுக்காகவும் நாட்டின் சீரழிவுக்காகவும் அழு, அரசகுலத்து மகளே என்று அப்பாடல் அவரை நோக்கிப் பேசுகிறது. 1812-இல் நாளிதழில் பெயரில்லாமல் வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பைரன் தன் பெயரோடு அதை இந்நூலில் சேர்த்ததும் அரசை ஆதரித்த டோரிப் பத்திரிகைகள் வாரக்கணக்கில் அவரைத் தாக்கின. பைரன் பின்வாங்கவில்லை. கவிதையின் கதைக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது.

7. ஆங்கிலம் கடினமாக இருக்கிறது. இதன் செய்யுள் எப்படிப்பட்டது? எப்படிப் படித்தால் புரியும்?

இது ‘ஹீரோயிக் கப்ளெட்’ என்னும் ஈரடி வடிவம். ஓர் அடிக்குப் பத்து அசை, ஐந்து அழுத்தம்; இரண்டிரண்டு அடிகள் இறுதியில் இயைபு பெறும். முந்தைய நூற்றாண்டில் அலெக்சாண்டர் போப் போன்ற கவிஞர்கள் அறிவுரைக்கும் எள்ளலுக்கும் பயன்படுத்திய வடிவத்தைப் பைரன் எடுத்து ஓடும் கதைக்குப் பூட்டியிருக்கிறார். நண்பர் தாமஸ் மூருக்கு எழுதிய காணிக்கையுரையில், நம் மொழிக்கு மிகவும் ஏற்றதாக இருந்தும் இப்போது புறக்கணிக்கப்பட்டிருக்கும் வடிவம் என்று இதைக் குறிப்பிடுகிறார்.

வாய்விட்டுப் படிப்பதே சிறந்த வழி. அடியின் முடிவில் நிற்காமல் நிறுத்தக்குறி வரும் இடத்தில் நின்றால் பொருள் தானாகப் பிரியும். பைரன் வரிகளுக்கிடையே இடைக்கோடுகளை (—) ஏராளமாகப் போடுகிறார். அவை பேசுபவரின் மூச்சு தடைபடும் இடங்கள். முதலில் கப்பல் வரவையும் விடைபெறலையும், பிறகு விருந்து மண்டபத்தையும், கடைசியாகத் தீவுக்குத் திரும்புவதையும் படித்துவிட்டு, அதன்பின் முழுவதையும் தொடக்கத்திலிருந்து படிக்கலாம். நூலின் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் குட்டன்பெர்க் திட்டத்தின் இணையதளத்தில் பைரனின் படைப்புத் தொகுதியில் இலவசமாகவே கிடைக்கிறது.

8. கான்ராட் நல்லவனா, கெட்டவனா? ஆசிரியர் அவன் பக்கம் நிற்கிறாரா?

கெட்டவன் என்பது அவனுக்கே தெரியும். தான் கயவன் என்று அறிந்திருந்தான், ஆனால் மற்றவர்களும் தன்னைவிட மேலானவர்கள் இல்லை என்று கருதினான் என்று கவிதை வெளிப்படையாகச் சொல்கிறது. உயரமானவன் இல்லை, வெயிலில் கறுத்த கன்னம், வெளிறிய உயர்ந்த நெற்றி, அதன்மேல் புரளும் கருஞ்சுருள் முடி. சிரிப்பது அரிது. கூட்டத்தோடு அமர்ந்து குடிப்பதில்லை. ரொட்டியும் கிழங்கும் பழமும்தான் உணவு. ஆட்கள் அவனை நேசிப்பதைவிட அஞ்சுகிறார்கள், அச்சத்தைவிட அவனுடைய திறமையை நம்புகிறார்கள்.

‘பைரனிய நாயகன்’ என்று பாடநூல்கள் சொல்லும் வகைக்கு இவனே முழுமையான உருவம் என்பது என் கருத்து. குற்றம், தனிமை, பெருமிதம், வெளியில் சொல்லாத ஒரு காயம், ஒரே ஒருத்தியிடம் மட்டும் மாறாத அன்பு ஆகியவை அவனிடம் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. ஆசிரியர் அவனுக்காக வாதாடவில்லை. ஆனால் அவனை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

9. அவன் ஏன் கொள்ளையன் ஆனான்? கவிதையில் காரணமே இல்லையே?

நிகழ்ச்சியாக இல்லை, ஒரு சுருக்கமான விளக்கமாக இருக்கிறது. அவன் பிறவியிலேயே கொடியவனாக இருக்கவில்லை. ஏமாற்றம் என்னும் பள்ளியில் உலகம் அவனைத் திருகிவிட்டது என்கிறது முதற்காண்டம். தன் நற்பண்புகளாலேயே ஏமாந்தவன், ஏமாற்றியவர்களைச் சபிக்காமல் அந்த நற்பண்புகளைச் சபித்தான் என்றும் சொல்கிறது. யார் ஏமாற்றினார், எங்கே, எப்போது என்பதைப் பைரன் சொல்வதே இல்லை. இந்த மௌனம் தெரிந்தே வைக்கப்பட்டது. காரணம் தெரிந்திருந்தால் நாம் அவனை மன்னித்திருப்போம், அல்லது தண்டித்திருப்போம். இப்போது இரண்டும் முடியவில்லை.

10. விருந்தில் அவன் உப்பைத் தொட மறுக்கிறானே, அதை ஏன் அவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும்?

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் விளக்கமின்றியே புரியும். உப்பைப் பகிர்ந்து உண்டவர்கள் ஒருவருக்கொருவர் தீங்கு செய்யலாகாது என்பது அந்நிலத்து வழக்கம். தர்வேஷ் எதையும் தொடாததைக் கவனித்த சையித், வாளின் கூர்மையை மழுக்கும் அந்தப் புனித உறுதியை ஏன் தவிர்க்கிறாய் என்று நேராகவே கேட்டுவிடுகிறான். உப்பு சுவையான உணவுக்குத்தான் வேண்டும், என் உணவு எளிய கிழங்கும் ஓடை நீரும், என் நோன்பும் இதைத் தடுக்கிறது என்று தர்வேஷ் சமாளிக்கிறான்.

சற்று நேரத்தில் கொல்லப்போகிறவனின் உப்பைத் தின்னக் கூடாது என்று கான்ராட் நினைக்கிறான். ஊரை எரிக்கத் தயங்காதவன் இதற்குத் தயங்குகிறான். அவன் சொன்ன உணவு விவரத்தில் பொய்யும் இல்லை. தீவிலும் அவன் அதைத்தான் உண்கிறான் என்பதை 8-ஆம் பதிலில் பார்த்தோம். முதற்காண்டத்தில் வெறும் பழக்கமாகச் சொல்லப்பட்டது இரண்டாம் காண்டத்தில் கவசமாக உதவுகிறது. பத்து நாளில் எழுதிய கவிதையில் இத்தனை கவனம் இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கிறது.

11. தலைவனே மாறுவேடத்தில் தனியாகப் போவது நம்பும்படி இல்லையே?

பைரனிடமும் இதைக் கேட்டார்கள். உரோமப் பேரரசர் மஜோரியன் தலைமுடியின் நிறத்தை மாற்றிக்கொண்டு, தன்னுடைய தூதராகவே வேடமிட்டு, பகைவரான வாண்டல் இனத்தார் ஆண்ட கார்த்தேஜ் நகருக்குப் போனதாகக் கிப்பனின் வரலாற்று நூலில் வரும் பகுதியை எடுத்துக்காட்டிக் குறிப்பு எழுதினார். நடக்கக்கூடியதா என்பதைவிட, அவன் ஆட்களை அனுப்பாமல் தானே போகிறவன் என்பதுதான் பாத்திரத்துக்கு முக்கியம்.

12. வெற்றி கையில் இருந்ததே, பிறகு ஏன் தோற்றார்கள்?

பெண்களைக் காப்பாற்றியதால் தோற்றார்கள். தீ அந்தப்புரத்தைப் பிடித்து அலறல் கேட்டதும் கான்ராட் தன் ஆட்களிடம், ஒரு பெண்ணுக்கும் தீங்கு செய்யாதீர்கள், நமக்கும் மனைவியர் உண்டு என்பதை நினையுங்கள், ஆண்களே நமக்குப் பகை என்று கத்துகிறான். எல்லாரும் எரியும் மாடத்துக்குள் ஓடுகிறார்கள். அதற்குள் சையித்துக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. வந்தவர்கள் எத்தனை குறைவு என்பதை அப்போதுதான் காண்கிறான், நாணமும் சினமும் கொண்டு திரும்பித் தாக்குகிறான்.

இந்தக் கவிதையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கான்ராடை வீழ்த்துவது அவனுடைய ஆயிரம் குற்றங்களில் ஒன்றும் அல்ல. அவன் செய்த ஒரு நல்ல செயல். அதனால் அவனுடைய கூட்டம் அழிகிறது, அவன் சிறைப்படுகிறான், அவன் உயிரோடிருக்கிறானா என்றே தெரியாத செய்தி மெடோராவுக்குப் போகிறது. அதே செயலால்தான் குல்நார் உயிரோடிருக்கிறாள், அவளால் அவன் விடுதலையும் பெறுகிறான். பின்வரும் நான்கு பதில்களும் இதையே சார்ந்தவை.

13. உறங்குகிறவனைக் கொல்ல மாட்டேன் என்றவன், அந்தக் கொலையால் தப்பித்துக்கொண்டு குல்நாரை வெறுப்பது நியாயமா?

மாணவியர் மிகுந்த கோபத்தோடு கேட்கும் கேள்வி இது, கோபம் நியாயமானது. முதலில் அவளுடைய நிலையைப் பார்ப்போம். அவள் விலைக்கு வாங்கப்பட்டவள். அன்பு சுதந்திரமானவர்களோடுதான் குடியிருக்கும் என்று சிறையில் கான்ராடிடம் அவளே சொல்கிறாள். பணயத்தொகை பெற்றுக்கொண்டு அவனை விடலாம் என்று அவள் பாஷாவிடம் வாதாடியபோது, நெருப்பிலிருந்து உன்னைத் தூக்கி வந்தவன் மேல் உனக்கு என்ன பற்று என்று அவன் மிரட்டுகிறான். சாக்கில் கட்டிக் கடலில் எறிவது அங்கே வழக்கமான தண்டனை. அது தனக்கும் காத்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அவள் குறுவாளை எடுத்தது கான்ராடுக்காக மட்டும் அன்று.

அவள் திரும்பி வரும்போது கையில் குறுவாள் இல்லை. அவள் மனம் மாறிவிட்டாள் என்று கான்ராட் ஒரு கணம் ஆறுதல் கொள்கிறான். அடுத்த கணம், முடியை ஒதுக்கிய விரல் பட்டு நெற்றியில் ஒட்டிய ஒரே ஒரு இரத்தத் துளி அவன் கண்ணில் படுகிறது. காயங்களும் சிறையும் கழுமரமும் நடுக்காதவன் அந்தத் துளியைக் கண்டு நடுங்குகிறான். அவளுடைய அழகு முழுவதையும் அது அழித்துவிட்டது என்கிறது கவிதை. இரத்தம் அவன் பார்க்காததா? பார்த்ததுண்டு, ஆனால் அது போரில் சிந்தியது, ஆண்கள் சிந்தியது என்று பைரன் சேர்க்கும்போது, அவனுடைய மானக் கணக்கு எவ்வளவு வசதியானது என்பதும் அந்த வரியிலேயே வெளிப்படுகிறது. எத்தனை பேரைக் கொன்றிருந்தாலும் ஆணுக்குத் தன்மானம் மிஞ்சும். தன்னை வாங்கியவனைக் கொன்ற பெண்ணுக்கு மன்னிப்பில்லை.

பைரன் இதை அறியாமல் எழுதினார் என்று நான் நம்பவில்லை. படகில் போகும்போது கான்ராடே கணக்கை மாற்றிப் பார்க்கிறான். இந்த உலகில் தனக்கிருந்த எல்லாவற்றையும், மறுமையையும்கூட இவள் எனக்காகக் கொடுத்துவிட்டாள் என்று உணர்ந்து அவளை ஒருமுறை அணைத்து முத்தமிடுகிறான். மெடோராவும் மன்னித்திருக்கக்கூடிய முத்தம் என்று கவிதை அதைச் சொல்கிறது. காதல் இல்லை, கடன் உண்டு. அதற்குமேல் அவனால் கொடுக்க முடியவில்லை.

14. மெடோரா எப்படி இறந்தாள்? தற்கொலையா?

கவிதை சொல்லவில்லை. மூன்றாம் நாள் தப்பிவந்த சிலர் கரையேறுகிறார்கள். தலைவன் உயிரோடிருக்கிறானா என்பதே அவர்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. கேட்ட மாத்திரத்தில் அவள் மயங்கி விழுகிறாள். அடுத்து நாம் அவளைப் பார்க்கும்போது கையில் மலர்களோடு கிடத்தப்பட்டிருக்கிறாள். இடையில் நடந்தது எதுவும் இல்லை. கான்ராடும் கேட்பதில்லை, அவன் கேள்வி கேட்கவில்லை, எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டது என்று வருகிறது.

இந்த மரணத்துக்குப் பைரன் முதற்காண்டத்திலேயே தடம் போட்டுவிடுகிறார். மெடோரா பாடும் பாட்டில், தன் நெஞ்சின் நடுவே யாரும் காணாமல் எரியும் கல்லறை விளக்கு ஒன்று வருகிறது. கான்ராட் திரும்பி வரும் இரவில் தீவின் விளக்குகள் எல்லாம் எரிகின்றன; அவளுடைய கோபுரத்தில் மட்டும் விளக்கில்லை. படகு கரை தட்டும்வரை பொறுக்காமல் அவன் அலைக்குள் குதித்து ஓடுகிறான். தவிர, ஒவ்வொரு காண்டத்தின் தலைப்பிலும் இத்தாலியக் கவிஞர் தாந்தே நரகத்தைப் பாடிய ‘இன்ஃபெர்னோ’வின் ஐந்தாம் பாடலிலிருந்து ஒரு வரி இருக்கிறது. காதலால் மாண்ட பிரான்செஸ்கா பேசும் பகுதி அது. முதல் வரி, துன்பத்தில் இருக்கையில் இன்பக் காலத்தை நினைப்பதைவிடப் பெரிய வேதனை இல்லை என்பது.

15. கடைசி வரியில் ‘ஒரு நற்பண்பு, ஆயிரம் குற்றங்கள்’ என்று வருகிறதே, அந்த ஒரு நற்பண்பு எது?

இரண்டு விடைகள் உண்டு. இரண்டுக்கும் சான்று இருக்கிறது. மெடோரா மீது கொண்ட மாறாத காதல் என்பது முதல் விடை. மற்ற நற்பண்புகள் எல்லாம் போனபின்னும் இந்த ஒன்றைக் குற்றத்தால்கூட அணைக்க முடியவில்லை என்று முதற்காண்டமே சொல்கிறது. பெண்களுக்குத் தீங்கு செய்யாத மானவுணர்வு என்பது இரண்டாவது விடை. கான்ராடின் மானவுணர்வு இயல்புக்கு மீறியதல்ல என்று காட்டுவதற்காகவே பைரன் பின்னாளில் ஒரு குறிப்பைச் சேர்த்தார்.

கவிதையின் சொற்களை மட்டும் பார்த்தால் முதல் விடையே வலுவானது. தேர்வில் எழுதுவோர் அதை எழுதி, வரியைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் 12-ஆம் பதிலோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டும் பகையாகின்றன என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தப்புரத்தில் அவன் காட்டிய மானவுணர்வுதான் கோபுரத்தில் காத்திருந்தவளைக் கொன்றது.

16. கான்ராட் என்பது பைரனேதானா? அல்லது உண்மையான கொள்ளையன் யாராவது இருந்தானா?

பைரன்தான் என்று லண்டனே பேசியது. கிழக்கே போயிருந்தபோது அவர் உண்மையாகவே கொள்ளையடித்தார் என்ற வதந்தியை நண்பர் ஹாப்ஹவுஸ் வந்து சொன்னதாகப் பைரனின் நாட்குறிப்பில் 1814 மார்ச்சில் பதிவு இருக்கிறது. காணிக்கையுரையில் அவர் தந்த விடை கவனிக்கத்தக்கது. என்னையே வரைந்திருந்தால், அந்தப் படங்கள் பெருமைக்குரியவை அல்ல என்பதால், ஒருவேளை என்னைப் போலவே இருக்கும் என்றார். மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

முந்தைய பதிலில் சொன்ன குறிப்பில் வருபவன் அமெரிக்காவின் லூசியானாக் கரையில், பராட்டாரியாவைத் தளமாகக் கொண்டிருந்த லஃபீட் என்னும் கொள்ளையன். ஆளுநர் அவன் தலைக்கு 500 டாலர் அறிவித்திருந்தும், தன்னைப் பிடிக்க வந்தவனையே சிறைப்பிடித்து, நன்றாக நடத்தி அனுப்பிவைத்தான் என்ற பத்திரிகைச் செய்தியைப் பைரன் எடுத்துத் தருகிறார். லஃபீட் கான்ராடுக்கு மூலம் என்று சிலர் எழுதுவது சரியன்று. கவிதை வெளியான பின் கிடைத்த ஒப்புமை அது.

17. நான் பார்த்த பாலேயில் மெடோரா சாகவில்லையே?

பாலே வேறு கதை. அடோல்ஃப் ஆதாம் இசையமைத்து 1856 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறிய அந்தப் பாலேயில் மெடோரா அடிமைச் சந்தையில் வருகிறாள். கடைசியில் கப்பல் உடைந்தும் காதலர் இருவரும் பிழைத்துக்கொள்கிறார்கள். பெயர்களைத் தவிரப் பைரனுடையது அதில் கொஞ்சமே.

இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘இல் கோர்சாரோ’ என்னும் ஆபரா மூலத்துக்கு நெருக்கமானது. 1848 அக்டோபரில் திரியெஸ்தேயில் அரங்கேறியது. வெர்டி அங்கே போகவே இல்லை. அதில் மெடோரா நஞ்சுண்டு, திரும்பி வந்த காதலனின் கையில் இறக்கிறாள். அவன் கடலில் பாய்கிறான். 14-ஆம் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் இந்த ஆபராவைப் பார்த்தவர்கள்.

18. துருக்கியரையும் இஸ்லாமியரையும் இழிவாகக் காட்டும் கவிதை என்று சொல்வது சரியா?

பெருமளவு சரி. சையித்துக்கு அகம்பாவமும் பொறாமையும் கொடுமையும் தவிர வேறு குணம் தரப்படவில்லை. அந்தப்புரமும் தர்வேஷும் கழுமரமும் அன்றைய ஆங்கில வாசகர் விரும்பி வாங்கிய பொருள்கள் என்பது பைரனுக்கு நன்றாகவே தெரியும். வடக்கும் தெற்கும் மேற்கும் தீர்ந்துவிட்டன, கிழக்கைப் பிடித்துக்கொள் என்று அவர் 1813-இல் மூருக்கு எழுதிய கடிதம் இதற்குச் சான்று.

ஆயினும் அவர் படைத்த ‘சுதந்திர’ மேற்கத்தியன் கொள்ளையன் என்பதையும், கவிதையில் சுதந்திரத்தைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசுபவள் அந்தப்புரத்துப் பெண் என்பதையும் மறக்கக் கூடாது. குல்நாரின் பேச்சை வெளியே எடுத்துவிட்டால் கவிதையில் கடலும் பெருமூச்சும்தான் மிஞ்சும்.

19. குல்நார் அப்புறம் என்ன ஆனாள்?

தீவில் கரையேறியதும் கவிதை அவளை விட்டுவிடுகிறது. இறுதிப் பகுதியில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவளை இப்படி நடுக்கரையில் நிறுத்திவிட்டுப் போனதை இந்தக் கவிதையின் குறையாகவே நான் பார்க்கிறேன்.

இனிச் சில ஆண்டுகளுக்கு எழுதப்போவதில்லை என்று காணிக்கையுரையில் சொன்ன பைரன், அதே 1814 ஆகஸ்டில் ‘லாரா’ என்ற கதைக் கவிதையைப் பெயர் போடாமல் வெளியிட்டார். அதை ‘தி கோர்ஸேரி’ன் தொடர்ச்சியாக வாசகர் கொள்ளலாம் என்று முன்னுரை சொல்கிறது. பல ஆண்டுகள் கழித்துத் தன் ஊருக்குத் திரும்பும் லாரா என்னும் பிரபுவோடு காலெத் என்ற இளம் பணியாள் வருகிறான். லாரா போரில் மடியும்போது, காலெத் ஆண் வேடத்திலிருந்த பெண் என்பது தெரியவருகிறது. அவளைக் குல்நார் என்றும் லாராவைக் கான்ராட் என்றும் கொள்வது பரவலான வாசிப்பு. அந்தப் பெயர்கள் ‘லாரா’வில் எங்கும் வருவதில்லை. ஆகவே தேர்விலோ கட்டுரையிலோ ‘குல்நாரே காலெத்’ என்று உறுதியாக எழுதாமல், ‘அவ்வாறு கொள்ள இடமுண்டு’ என்று எழுதுவதே சரி.